பெரியவருக்கு ஒரு ஜன்னல்

ஒரு மனிதர் தன் வாழ்நாளில் ஒரு செங்கல்லின் மேல் இன்னொரு செங்கல்லை வைக்காமல், மற்றவர்கள் வைத்த செங்கற்களைக் கேள்வி கேட்டே ஒரு நகரத்தை உருவாக்கிவிட முடியுமா?

முடியும் என்று நம்புகிறவர்கள் தனி இனம். ஆட்சேபணைக்காரர்கள் என்று பெயர். அபூர்வமான இனம் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவுக்கு ஒருவர் நிச்சயம். பெரிய தெருவாக இருந்தால் இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மனுப் போட்டிருப்பார்கள். உங்கள் பக்கத்து மனையில் யாராவது அஸ்திவாரம் தோண்டத் தொடங்கட்டும். மண்வெட்டி இரண்டாம் முறை இறங்குவதற்குள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்பில் மண் படாமல் ஓரமாக நின்று, குழியை எட்டிப் பார்த்து, "பிளான் வாங்கியாச்சா?" என்று ஒருவர் கேட்பார். அவர்தான். குழிக்குள் இருப்பவர் "வாங்கியாச்சுங்க" என்றால் அவர் முகம் வாடும். "இனிமேதான்" என்றால் மலரும்.

இவரைப் பொறாமைக்காரரோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொறாமைக்காரருக்கு உங்கள் மாடியின்மேல் கண். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் சமாதானமாகிவிடுவார். வம்புக்காரருக்கு உங்கள்மேல் கோபம். நாலு வார்த்தை திட்டினால் தீர்ந்துவிடும். ஆட்சேபணைக்காரருக்கு உங்கள்மேல் எதுவுமே கிடையாது. அன்பு இல்லை, விரோதமும் இல்லை. நீங்கள் என்று ஒருவர் இருப்பதே அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிவதெல்லாம் உங்கள் சுவருக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஐந்தடியும், அதில் குறைகிற மூன்று அங்குலமும். இவ்வளவு சுத்தமான பற்றின்மையைத் தேடி ஞானிகள் மலையேறுகிறார்கள். இவருக்கு அது நகரமைப்பு அலுவலகத்து நடைபாதையிலேயே கிடைத்துவிடுகிறது.

இனம் முழுவதையும் வர்ணிக்க இங்கே இடம் போதாது. ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அவருக்கு ஊரில் 'முப்பதாம் நாள்' என்று பெயர். நேரில் 'பெரியவர்'. அந்த நகரத்தில் யார் எதைக் கட்டுவதானாலும், பிளானின் ஒரு பிரதியை நகரமைப்பு அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் முப்பது நாள் மாட்டி வைக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்கலாம். ஒரு கடிதம் வந்தாலும் விசாரணை, வராவிட்டால் அனுமதி. பெரியவர் எல்லாப் பிளானுக்கும் கடிதம் கொடுத்தார். எல்லாக் கடிதத்தையும் முப்பதாம் நாள், அலுவலகம் மூடக் கால் மணி நேரம் இருக்கும்போது கொடுத்தார். கொஞ்சம் முன்னாலேயே கொடுத்தால் என்ன என்று யாராவது கேட்டால், "விதி முப்பது நாள் குடுத்திருக்கு. அதைக் குறைக்க நான் யாரு?" என்பார். இருபத்தொன்பது நாள் நிம்மதியாகத் தூங்கிய ஒரு குடும்பம் முப்பதாம் நாள் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசிப்பீர்கள். அவர் யோசித்ததில்லை. குடும்பம் பிளானில் வரையப்படுவதில்லையே.

வேலையில் இருந்த காலத்தில் அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். முப்பத்தைந்து வருடம். வைத்தியம், சட்டம், சமையல், கடவுள் என்று உலகத்தில் உள்ள எல்லா விஷயங்களும் அவருடைய சிவப்பு மசிப் பேனாவைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயின. அவற்றில் ஒன்றிலாவது என்ன சொல்லியிருந்தது என்று கேட்டுவிடாதீர்கள். "அர்த்தம் பாக்கறது எழுதுனவன் வேலை. நான் எழுத்தைப் பாக்கறவன்" என்று பெருமையாகச் சொல்வார். ஓய்வு பெற்ற மறுவாரம், கட்டட விதிகள் என்ற பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதில் பதினேழு அச்சுப்பிழை கண்டுபிடித்துத் திருத்தினார். திருத்தி முடித்தபோது புத்தகம் மனப்பாடமாகியிருந்தது. நகரத்துக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும் அந்தப் புத்தகமும் கூடவே போயிற்று. மச்சானுக்கு நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்கு ஓடினார்கள். எல்லோரும் ஸ்ட்ரெச்சரின் பின்னால் ஓட, இவர் மட்டும் சரிவுப் பாதையிலேயே நின்றுவிட்டார். அந்தச் சரிவு பன்னிரண்டடி நீளத்துக்கு ஓரடி ஏற வேண்டும், பத்தடியிலேயே ஓரடி ஏறியது. மச்சான் பிழைத்துக்கொண்டார். சரிவு விஷயம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. பெரியவரின் மனைவியோ, "கல்யாணமான புதுசுல எனக்கு எழுதின லெட்டர்லகூட மேல 'பொருள்', அதுக்குக் கீழ 'பார்வை'ன்னு போட்டிருப்பாரு. பார்வையில என் போன லெட்டர் தேதி இருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பதற்கு அவருக்கு நாற்பது வருடப் பழக்கம் இருந்தது.

இவ்வளவையும் அலுவலகம் எப்படிப் பொறுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். பொறுத்துக்கொள்வதாவது! கொண்டாடியது. பிளானைச் சரிபார்க்க வேண்டிய ஆய்வாளருக்கு ஒரு மேசை, ஒரு ஸ்டூல், இருநூறு கோப்பு. பிளானை விரித்து வைக்க மேசையில் இடம் இல்லாததால் அவர் அதை விரிப்பதில்லை. முப்பதாம் நாள் பெரியவரின் கடிதம் வரும். 'ஸ்தல ஆய்வு செய்ததில் கீழ்க்காணும் குறைகள் கண்டறியப்பட்டன' என்று மேலே ஒரு வரி சேர்த்து, கடிதத்தை அப்படியே தன் அறிக்கையாகத் தட்டச்சு செய்துவிடுவார். ஒரு தடவை அவசரத்தில், 'கண்ணாடி மாற்றக் கொடுத்திருப்பதால் கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும்' என்ற வரியையும் சேர்த்து அடித்துவிட்டார். மேலதிகாரி அதற்கும் 'பார்வையிடப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார். ஆக, அந்த நகரத்தில் ஐந்து மாடி எழும்பலாமா, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பட்டறை வரலாமா என்பதையெல்லாம் ஒரே ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. சந்தேகமும் கிடையாது.

அவருக்கு ஒரே மகள். பன்னிரண்டு வருடமாக ஒரு பொறியாளர் அலுவலகத்தில் கணினியில் பிளான் வரைபவள். அப்பா குறை கண்டுபிடிக்கும் பிளான்களில் பாதி மகள் வரைந்தவை. வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் குற்றவாளி, மறுபக்கம் வழக்கறிஞர், நடுவில் அம்மா.

அந்த மகள் ஒருநாள் வேலையை விட்டுவிட்டாள். வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்று தொடங்கப்போவதாகச் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பதினோரு குழந்தைகளின் பெயர்ப்பட்டியல் கையில் இருந்தது. அடுத்த தெருவில் இருக்கும் நர்ஸ், பேருந்து நடத்துநர் வேலை பார்க்கும் பெண், தையற்கடைக்காரி என்று பதினோரு அம்மாக்கள் "எப்பம்மா திறப்பே?" என்று வாரத்துக்கு இருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் அவளை நம்பிப் புதுவேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் காப்பகமாக மாற்ற நகரமைப்பு அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். உரிமையாளர் பெரியவர். அவருடைய அப்பா கட்டிய வீடு. கேள்வி கேட்காமல் போட்டார். மகள் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். இத்தனை வருடம் அவரோடு வாழ்ந்தும் அவளுக்கு அனுபவம் போதவில்லை.

இதற்கு நடுவில் ஒரு வரைபடம் வந்து சேர்ந்தது. நகரத்துக்குப் புது நிலப்பயன்பாட்டு வரைபடம் தயாராகியிருந்தது. குளிரூட்டப்பட்ட அறையில் நாலு பேர் உட்கார்ந்து, நகரத்தை வண்ண வண்ணமாகப் பிரித்திருந்தார்கள். கடைக்கு நீலம், ஆலைக்கு ஊதா, வீட்டுக்கு மஞ்சள். பெரியவரின் தெரு மஞ்சளில் விழுந்தது. மஞ்சளில் வீடு இருக்கலாம், இன்னொரு வீடு இருக்கலாம், அதற்குப் பக்கத்தில் ஒரு வீடும் இருக்கலாம். அங்கே இருப்பவர்கள் வேலைக்குப் போகும்போது குழந்தையை எங்கே விடுவார்கள் என்பதற்கு அந்த நாலு பேரிடம் தனி வண்ணம் இல்லை. புது வரைபடம் முதல் தேதியிலிருந்து அமல். அதற்கு முன்னால் அனுமதி வாங்கியவர்களுக்குப் பாதகம் இல்லை. மகளுடைய பிளானுக்கு முப்பதாம் நாள், அமலுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது.

கணக்கு உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு கடிதம் வந்தால் விசாரணை, விசாரணைக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதம், அதற்குள் தெரு மஞ்சளாகிவிடும். அதோடு காப்பகம் போயிற்று.

"அப்பா, பிளானைப் போர்டுல மாட்டிட்டாங்க" என்றாள் மகள், ஒருநாள் மதியச் சாப்பாட்டில்.

"தெரியும்."

"பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல. நாள் இருக்கே."

"அப்பா, இது நம்ம வீடு."

"அதனாலதான் உரிமையாளர்ங்கற முறையில கையெழுத்துப் போட்டேன். பொதுஜனம்ங்கற முறையில நான் பாக்க வேணாமா?"

"அந்தப் பொதுஜனத்துக்கு ரசம் வேணுமான்னு கேளும்மா" என்றார் மனைவி.

"ஒரே ஒரு லெட்டர் போனா எல்லாம் போச்சுப்பா."

"தப்பில்லேன்னா எதுக்குப் பயப்படறே?"

"தப்பே இல்லாமத்தான் போட்டிருக்கேன். மூணு தடவை சரி பாத்துட்டேன். பன்னிரண்டு வருஷத்துல முதல் தடவையா உங்களுக்கு ஜன்னல் விடல."

"என்ன ஜன்னல்?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"சொல்லு. என்ன ஜன்னல்?"

"எல்லாப் பிளான்லயும் உங்களுக்குன்னு ஒரு ஜன்னலைச் சின்னதாப் போடுவோம்ப்பா. எங்க ஆபீஸ்ல மட்டுமில்ல, ஊர்ல எல்லா ஆபீஸ்லயும். 'பெரியவர் ஜன்னல் போட்டாச்சா'ன்னு கேட்டுட்டுத்தான் பிரிண்டே எடுப்பாங்க. நீங்க அதைக் கண்டுபிடிச்சு எழுதுவீங்க. விசாரணையில நாங்க அதைத் திருத்திக் குடுத்துருவோம். ஆய்வாளரும் 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது'ன்னு எழுதிருவாரு."

பெரியவர் சோற்றில் கை வைத்தபடி இருந்தார். "நான் கதவும் எழுதியிருக்கேனே."

"உங்களுக்குச் சலிச்சுப் போகக் கூடாதேன்னு நடுநடுவுல கதவும் போடுவோம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை.

"பேருந்து நிலையத்துக்கு எதிர்ல அஞ்சு மாடி இருக்கில்ல," என்றாள் மகள். அவளால் இப்போது நிறுத்த முடியவில்லை. "குளியலறை ஜன்னல் ரெண்டு அங்குலம் கம்மின்னு எழுதினீங்க. படியோட உயரம் கால் அங்குலம் அதிகம்னு எழுதினீங்க. அந்தக் கட்டடத்துக்கு ரெண்டு மாடிப்படி இருக்கணும்ப்பா. ஒண்ணுதான் இருக்கு. நீங்க படியை அளந்தீங்க. எத்தனை மாடிப்படின்னு எண்ணல."

"யார் வரைஞ்சது?"

"நான்தான்" என்றாள் மகள். பிறகு அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பெரியவர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் போய் நின்றார். ஐந்து மாடி. மேலே இரண்டு தளத்தில் டியூஷன் வகுப்புகள், அதற்குக் கீழே பல் மருத்துவர், துணிக்கடை. ஒரே மாடிப்படி. வகுப்பு விட்டு நாற்பது ஐம்பது பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்; அதே படியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். படியின் உயரம் கச்சிதமாக இருந்தது. அவருடைய கடிதத்துக்குப் பிறகு திருத்திக் கட்டியிருந்தார்கள். கட்டடத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பின்பக்கம் இன்னொரு படி இருந்தால் நன்றாக இருக்கும் என்பது போல் மூன்றாம் முறையும் நடந்தார். அந்தக் கட்டடத்தின் முப்பது நாள் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் அவர் மனம் மாறினார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அவர் மாறவில்லை. நேராக நகரமைப்பு அலுவலகத்துக்குப் போய், மகளின் பிளான் முன்னால் நின்று, எப்போதும் போல இடது மூலையிலிருந்து ஆரம்பித்தார். ஜன்னல்களை அளந்தார். சரி. கதவுகள் சரி. பக்க இடைவெளி சரி. கழிப்பறை எண்ணிக்கை, சரிவுப் பாதை, வெளிச்சத்துக்கு விட்ட இடம், எல்லாமே சரி. ஒரு பிழை இல்லை. பிழையே இல்லாத ஒரு பக்கத்தை முப்பத்தைந்து வருடத்தில் அவர் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், வேறு வழியில்லாமல், அர்த்தம் பார்க்கத் தொடங்கினார்.

முன்னால் கூடம், அதில் குழந்தைகள் விளையாடுவார்கள். நடுவில் சமையலறை. பின்னால் தூங்கும் அறை. பின்னறைக்கு ஒரே கதவு. அது சமையலறைக்குள் திறந்தது. பெரியவர் விரலால் அந்தக் கதவிலிருந்து கிளம்பி அடுப்பைச் சுற்றி, கூடத்தைக் கடந்து, வாசலுக்கு வந்தார். திரும்பிப் போனார். மறுபடியும் வந்தார். பக்கத்தில் நின்ற கடைநிலை ஊழியர், "என்னங்க, வழி தெரியலையா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பச்சைப் புத்தகத்தை எடுத்தார். நான்கு நாள் அதிலேயே கிடந்தார். பின்னிணைப்பு, திருத்தங்கள், சிறிய எழுத்து அடிக்குறிப்புகள் எல்லாவற்றையும் புரட்டினார். ஜன்னலுக்கு ஒன்பது பிரிவு இருந்தது. மதில் சுவரின் வண்ணத்துக்கு இரண்டு இருந்தன. வீட்டின் பின்னறையில் தூங்கும் பதினோரு குழந்தைகள் அடுப்பைத் தாண்டாமல் வெளியே வர வழி வேண்டும் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை.

ஐந்தாம் நாள் மகளிடம் கேட்டார். "பின் ரூம்ல தூங்கற பசங்க வெளிய எப்படி வருவாங்க?"

"கதவு வழியா."

"அது அடுப்படிக்குள்ள போகுதே."

"போனா என்ன?"

"அடுப்படியில ஏதாவது ஆயிட்டா?"

மகள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். இருபது வருடமாக அந்த வீட்டில் அவள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி ஒன்று அவள் வாயில் தானாக வந்து நின்றது. "எந்தப் பிரிவுப்பா?"

பெரியவர் கையிலிருந்த பச்சைப் புத்தகத்தை மூடினார்.

"பிரிவைச் சொல்லுங்க, மாத்தறேன். இல்லாத விதிக்கு நான் எப்படிப் பிளானை மாத்தறது? மாத்தினா மறுபடி முப்பது நாள் மாட்டணும். அதுக்குள்ள மஞ்சள் வந்துரும். நர்ஸ் அக்கா நைட் டூட்டிலேருந்து பகல் டூட்டிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. நான் வேலையை விட்டாச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார் பெரியவர்.

அவர் பெற்ற பெண் அல்லவா? விதியில் இருப்பதையெல்லாம் பிசகில்லாமல் வரைந்திருந்தாள். விதியில் இல்லாதது அவள் கண்ணிலும் படவில்லை. இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது.

முப்பதாம் நாள் வந்தது. அலுவலகம் மூடக் கால் மணி நேரம் இருக்கையில் பெரியவர் ஆய்வாளரின் மேசை முன்னால் நின்றார். சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. பொருள், பார்வை, மதிப்பிற்குரிய ஐயா எல்லாம் ஒழுங்காக எழுதி, 'பிரிவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் வெற்றிடம் விட்டிருந்தார்.

"வாங்க வாங்க," என்று ஆய்வாளர் கையை நீட்டினார். "உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன். குடுங்க, அடிச்சுட்டுக் கிளம்பணும்."

பெரியவர் கையைப் பையில் வைத்தார். வெறுங்கையாக எடுத்தார்.

"லெட்டர் இல்ல."

"மறந்துட்டீங்களா? பரவால்ல, நாளைக்குக் குடுங்க. நான் இன்னைக்குத் தேதி போட்டுக்கறேன்."

"இல்ல. ஆட்சேபணை இல்ல."

ஆய்வாளர் எழுந்து நின்றுவிட்டார். "விளையாடாதீங்க பெரியவரே. லெட்டர் இல்லேன்னா நான் எதை அறிக்கையா எழுதறது?"

"பிளானைப் பாத்து எழுதுங்க."

"அதை எங்க விரிக்கறது?" என்றார் ஆய்வாளர், மேசையைக் காட்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு செய்யுங்களேன். 'குறை ஏதும் இல்லை'ன்னு நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

"நான் குறை எழுதறவன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் நடந்தார்.

அனுமதி வந்துவிட்டது. ஆட்சேபணை ஏதும் வராத காரணத்தால் என்று அதில் எழுதியிருந்தது. மகள் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு அழுதாள். அம்மா முதலில் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

கடைசிக் கட்டமாக, அலுவலகத்திலிருந்து வந்து கட்டடம் பிளான்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் திறக்கலாம், இல்லாவிட்டால் பூட்டி சீல். வியாழக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை மகள் பாய், தலையணை வாங்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் பெரியவர் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனார். பெரியவர் இதற்கு முன் இரண்டு இடத்தில் வேலையை நிறுத்திவைத்த கொத்தனார் அவர். பழிவாங்க இப்படி ஒரு சந்தர்ப்பம் வாழ்க்கையில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"ஐயா, பிளான் வாங்கியாச்சா?" என்றார் கொத்தனார்.

"வாங்கியாச்சு."

"அதுல இந்தக் கதவு இருக்குதுங்களா?"

"நீ சுவரை உடைப்பா."

"இல்ல, கேட்டு வெச்சுக்கலாம்னுதான். நாளைக்கு நீங்களே வந்து என்மேல எழுதிக் குடுத்துருவீங்களே."

உடைத்தார்கள். முதல் செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தவர் பெரியவர். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் விரலை நசுக்கிக்கொண்டார். மூன்றடி அகலத்தில் ஒரு கதவுக்கு வழி. வெளியே தரை தாழ்வாக இருந்ததால் அதற்கு மூன்று படி. படிகள் பக்க இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டு நின்றன. பக்க இடைவெளிக்குள் படி, திண்டு, தொட்டி எதுவும் கூடாது என்ற பிரிவு பதினெட்டை அவர் நாற்பத்தொரு கடிதத்தில் மேற்கோள் காட்டியிருந்தார்.

மகள் திரும்பி வந்தபோது பூச்சு ஈரமாக இருந்தது.

"என்னப்பா இது!" பாய்க்கட்டு அவள் கையிலிருந்து விழுந்தது. "வியாழக்கிழமை வராங்கப்பா! பிளான்ல இல்லாத கதவைப் பாத்தா அங்கேயே பூட்டிருவாங்க! மறுபடி விண்ணப்பம் போடக்கூட முடியாது, மஞ்சள் வந்தாச்சு! பதினோரு பேருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

பெரியவர் விளக்குமாற்றால் சிமெண்டுத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்ப்பா. லெட்டர் குடுக்க முடியலேன்னு சுவரையே உடைச்சுட்டீங்க."

"ஏங்க, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்" என்றார் மனைவி.

அவர் தூளை முறத்தில் அள்ளினார். கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டு, "அடைக்கணும்னா இப்பவே சொல்லிருங்கம்மா. காஞ்சா கஷ்டம்" என்றார். மகள் பின்னறைக்குள் போனாள். குழந்தைகளின் பாய்க்காகத் தரையில் சாக்பீஸால் பதினோரு கட்டம் போட்டு வைத்திருந்தாள். சுவரோரமாக இருந்த கட்டத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து சமையலறைக் கதவைப் பார்த்தாள். இந்தப் பக்கம் திரும்பி, வெயில் விழுந்துகொண்டிருந்த ஓட்டையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, கொத்தனாரிடம், "கதவு வெளிப்பக்கமாத் திறக்கற மாதிரி வெச்சிருங்க" என்றாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். பிளான் அவர் கக்கத்தில் சுருட்டியபடி இருந்தது. கூடத்தைப் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார். மகள் அவர் பின்னாலேயே போனாள். கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். ஆய்வாளர் பின்னறை வாசலில் நின்றார். பக்கச் சுவரில் புத்தம் புதுக் கதவு, வண்ணம் பூசிய மணம்கூடப் போகாமல், நின்றது. அவர் அதைப் பார்த்தார். கக்கத்திலிருந்த சுருளை எடுத்தார். விரிக்க இடம் தேடுவது போல் சுற்றும் பார்த்தார். அப்புறம் வழக்கம்போலப் பெரியவரைப் பார்த்தார்.

"அந்தக் கதவு பிளான்ல இருக்குல்ல, பெரியவரே?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு" என்றார் பெரியவர்.

ஆய்வாளர் சுருளைக் கதவின் மேலேயே வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இதை வாசித்துக்கொண்டே வந்த உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மூன்று படிகள் வந்த இடத்தில், படிக்கு ஒரு அடி என்றால், ஐந்தடி இடைவெளியில் இரண்டடிதானே மிஞ்சும் என்று மனதுக்குள் கழித்துப் பார்த்தீர்களா? அரசு அலுவலரிடம் பொய் சொன்னதற்கு என்ன தண்டனை என்று யோசித்தீர்களா? போகட்டும், மேலே எங்கேயாவது ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறதே என்று ஓரத்தில் குறித்துவைத்தீர்களா? அப்படியானால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் வட்டாரத்தில் உங்களுக்கென்று யாரோ ஏற்கெனவே ஒரு ஜன்னலைச் சிறிதாகப் போட ஆரம்பித்திருப்பார்கள்.

பெரியவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையே அவர் நகரமைப்பு அலுவலகத்துப் பலகை முன்னால் நின்றார். அடுத்த மாதம் ஒரு பாவப்பட்ட மனிதரின் பின்கட்டுப் படி பக்க இடைவெளிக்குள் ஓர் அடி நீள்கிறது என்று பிரிவு பதினெட்டைக் காட்டி எழுதினார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும்போது ஆய்வாளருக்கு எதுவும் உறுத்தவில்லை. மகள் மட்டும், குழந்தைகளை அம்மாக்கள் கூட்டிக்கொண்டு போன ஒரு சாயங்காலம், பாய்களைச் சுருட்டியபடியே, "அன்னைக்கு ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். அவர் புதுக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வாழ்நாளில் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவும் உட்பிரிவும் இருந்தது. அந்த 'இருக்கு'க்கு மட்டும் கடைசிவரை எதையும் காட்டவில்லை.